அந்தப் பக்கத்துக் கை

வாகைப்பொட்டலில் பொருள்களெல்லாம் முதல் அசைவுக்கு முரண்டு பிடிக்கத் தொடங்கியது ஓர் ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமையில்தான் என்பதில் ஊராருக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அன்று காலையில் பால் சொசைட்டியின் தாழ்ப்பாள் விலகியிருந்தது, கீல்களில் எண்ணெய் மினுங்கியது, ஆயினும் கதவு திறக்கவில்லை. செயலாளர் தள்ளினார், செயலாளரும் கறவைக்காரரும் தள்ளினார்கள், பால் கொண்டுவந்து வரிசையில் நின்ற பதினொரு பேரும் ஒருவர் முதுகில் ஒருவர் கைகொடுத்துத் தள்ளினார்கள், கடைசியாக ஒரு பெண் தூக்குவாளியைத் தரையில் வைத்துவிட்டு வந்து ஒற்றைக் கையை வைத்ததும், அதுவரை மலையைப் போல் நின்ற கதவு காகிதத்தைப் போல் உள்ளே பறக்க, அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவராகப் பால் கேன்களுக்கு நடுவே விழுந்தார்கள். அதே வேளையில் டீக்கடையில் உரசிய தீக்குச்சிகள் மருந்து உதிர்ந்தும் எரியாமலிருந்து, கொஞ்சம் அழுத்தி உரசிய ஒரு குச்சி பெட்டியையும் கடைக்காரரின் மீசையையும் சேர்த்துக் கொளுத்தியது. ஒன்பது மணிப் பேருந்து இருபத்தெட்டுப் பேர் தள்ளிய பிறகு புறப்பட்டு, புறப்பட்ட மகிழ்ச்சியில் அடுத்த மூன்று நிறுத்தங்களிலும் நிற்காமல் போயிற்று.

வெளியூரிலிருந்து கல்லூரி ஆசிரியர் ஒருவர் சுருள்வில் தராசுடன் வந்தார். ஒரு செங்கல்லை மேசைமேல் வைத்துக் கட்டி இழுத்து, பல முறை குறித்து, நின்ற பொருளை நகர்த்துவதற்கு வேண்டிய விசை இவ்வூரில் கூடியிருக்கிறது என்றும், நகர்ந்த பொருளை ஓட்டுவதற்கு வேண்டிய விசை குறைந்திருக்கிறது என்றும் இரண்டு வரியில் எழுதிக் கொடுத்தார். அது எங்களுக்கே தெரியுமே என்று சொன்ன ஊரார், அவருக்கு மோர் கொடுத்து, அவருடைய ஸ்கூட்டரை ஒன்பது பேர் சேர்ந்து தள்ளிவிட்டு வழியனுப்பினார்கள். அதன்பின் காரணத்தை யாரும் கேட்கவில்லை. காரணத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால் மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது?

அந்த ஊரில் அதன் பிறகு இரண்டு வேலைகள் உண்டாயின. ஒன்று தள்ளுவது, அதற்குப் பருத்தி அரைவை ஆலையில் பொதி ஏற்றிக்கொண்டிருந்த சங்கிலி தலைவரானார், அவருடன் தோள் பலமுள்ளவர்களும் வேலையற்றவர்களும் சேர்ந்து, தெருத்தெருவாகப் போய், திறக்காத கதவுகளையும் உருளாத செக்குகளையும் கிளம்பாத டிராக்டர்களையும் தள்ளிக் கொடுத்தார்கள். மற்றொன்று தாங்குவது. தொடங்கிய பொருள் ஓடிப்போய்ச் சுவரை இடிக்காமலும் குழந்தைகளை மிதிக்காமலும் இருக்க, அந்தப் பக்கத்தில் ஒருவர் நின்று கைகொடுக்க வேண்டும். முதலில் பலர் அவ்வேலையைச் செய்து பார்த்துப் பல்லையும் மணிக்கட்டையும் உடைத்துக்கொண்ட பிறகு, இறுதியில் அது கோப்பம்மாளிடம் வந்து சேர்ந்தது.

கோப்பம்மாள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தின் பிரசவ அறையில் முப்பத்தொரு ஆண்டுகளாக ஆயாவாக இருந்தவள். வழுக்கிக்கொண்டு வரும் எதையும் நோகாமல் ஏந்துகிற கை அவளுக்கு வாய்த்திருந்தது. காலையில் கொல்லைப்புறமாகவோ சன்னல் வழியாகவோ ஏறி உள்ளே போய், கதவில் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு, ‘பொறு, பொறு’ என்று கதவிடம் சொல்லியபடி நிற்பாள். வெளியே சங்கிலியின் ஆட்கள் தள்ளுவார்கள். கதவு பறக்கப் பார்க்கும். அவள் கையில் வந்து அடங்கும். அன்றாடம் சேர்ந்து வேலை செய்த அவ்விருவரும் வேலை நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. எப்போதும் நடுவில் ஒரு கதவு இருந்தது.

“மதினி, இன்னைக்குக் காலைல என்ன சாப்பிட்டீக? கதவு இந்தக் கனம் கனக்கு,” என்று வெளியிலிருந்து கேட்பார் சங்கிலி.

“நீரு தள்ளுத தள்ளுக்குக் கோழிக்குஞ்சுகூட ஒதுங்காது. பேச்ச விட்டுட்டுத் தள்ளும்,” என்பாள் அவள் உள்ளிருந்து.

கதவுக்கும் வண்டிக்கும் மட்டும் என்றிருந்த முரண்டு, மெல்ல மெல்ல மண்ணுக்கும் உடம்புக்கும் வந்தது. விதைத்த கம்பு மூன்று மழைக்கும் அசையாமல் மண்ணுக்குள் கிடந்து, நான்காவது மழைக்கு ஒரே நாளில் இடுப்பளவு எழுந்தது. தும்மல் மூக்கின் நுனியில் வந்து இரண்டு நாள் தங்கியது. சொன்ன வேடிக்கைக்கு உடனே சிரிப்பு வராது, மூன்றாம் முறை சொன்னால் வரும், வந்தால் பந்தியில் சோறு ஆறும் வரை நிற்காது. ஆகையால் கல்யாண வீடுகளில் வேடிக்கை பேசுகிறவர்களைத் தனி வரிசையில் உட்கார வைத்தார்கள். வெளியூர் போனாலும் பயனில்லை. ஊரில் பிறந்தவர்களின் உடம்பு அந்த முரண்டைக் கூடவே கொண்டுபோயிற்று.

தும்மலைப் போலவும் தூக்கத்தைப் போலவும் பெண் கேட்கும் பேச்சைப் போலவும் பிடித்துத் தள்ளுவதற்குக் கைப்பிடி இல்லாத காரியங்களுக்கு, அந்தக் காரியம் நடக்கவேண்டிய வீட்டின் பின்சுவரைத் தள்ளுவது என்று ஒரு வழக்கம் ஏற்பட்டது. அதை யார் முதலில் செய்தார்கள் என்பது தெரியாது. செய்தபோது பலித்தது, ஆகவே செய்தார்கள். சங்கிலியின் ஆட்கள் சுவரில் தோள் கொடுத்து, ‘ஒண்ணு, ரெண்டு, இந்தா!’ என்று தள்ளுவார்கள், சுவர் நகராது, உள்ளே பத்து நாளாக உறங்காமல் விழித்திருந்த கிழவர் குறட்டை விடத் தொடங்குவார்.

இப்படிப் பதினான்கு மாதங்கள் போயின, பதினான்கு மாதங்களும் கோப்பம்மாள் தாங்கினாள். காலையில் கதவுகள், பகலில் பிரசவ அறை, மாலையில் கிணற்று உருளைகளும் தறிகெட்ட சைக்கிள்களும். வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மறந்து, வெறும் தட்டைத் தாங்கியபடியே அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பாள். தோள்மூட்டில் ஒரு வலி குடியேறியிருந்தது. அதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கும் ஒரு தொடக்கம் வேண்டியிருந்தது, அதற்குரிய தெம்பு அவளிடம் இல்லை.

அந்த நிலையில்தான் அவளுடைய ஒரே மகள் மாரீஸ்வரி, பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் கணவனைத் திருப்பூரில் விட்டுவிட்டு, தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்தாள். பத்தாம் மாதம் முடிந்தது. நாள் குறித்துக் கொடுத்த தேதி கடந்தது. அதற்கு மேல் எட்டு நாள்களும் கடந்தன. வலி வரவில்லை.

சுகாதார நிலையத்தின் கட்டிலில் மகளைப் படுக்கவைத்து, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வயிற்றின்மேல் கையை வைத்துத் தடவிக்கொண்டே எட்டு நாள்களைக் கழித்தாள் கோப்பம்மாள்.

“நீ கைய வச்சா எனக்கும் உறக்கம் வருதும்மா, உள்ள இருக்கதுக்கும் உறக்கம் வருது,” என்றாள் மாரீஸ்வரி. “அவுக கம்பெனில நைட் ஷிப்ட்டுக்கு உன்னக் கூட்டிட்டுப் போயிரக் கூடாது. ஒரு பய தைக்க மாட்டான்.”

நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்திருந்த டாக்டர் ரெஜினா இளம்பெண். ஊரின் முரண்டை அவர் பாடப் புத்தகத்தில் படித்ததில்லை, ஆனாலும் ஊசி போடும்போது பல்லைக் கடித்துக்கொள்ளப் பழகியிருந்தார். ஒன்பதாம் நாள் காலையில் அவர் கோப்பம்மாளைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார்.

“ஆயாம்மா, இன்னைக்கு மதியம் வரைக்கும்தான் பார்ப்பேன். அதுக்கு மேல குழந்தைக்கு நல்லதில்ல. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவேன். அங்க போனா ஆபரேஷன்தான்.”

ஆபரேஷன் என்றால் கத்தி என்பதும், வாகைப்பொட்டல் தோலில் கத்தி என்ன செய்யும் என்பதும் கோப்பம்மாளுக்குத் தெரியும். சென்ற மாசியில் ஒருவரின் தொடைக்கட்டியைக் கீறியபோது, விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். கத்தி மூன்று முறை தோலில் வழுக்கியது, நான்காம் முறை எலும்பு வரை போனது. தொடைக்கே அப்படி என்றால், பிள்ளை கிடக்கும் வயிற்றுக்கு?

வலி தானாக வந்தாலோ அதுவும் அச்சந்தான். வடக்குத் தெருச் செண்பகவல்லிக்கு அப்படித்தான் வராமல் வராமல் இருந்து ஒரு புதன்கிழமை வலி வந்தது; வலி வந்ததும் பிள்ளை வந்ததும் ஒரே தும்மல் நேரம்; கோப்பம்மாள் சேலை முந்தானையை விரித்து அந்தரத்தில் பிள்ளையைப் பிடித்தாள், பிள்ளை பிழைத்தது; ஆனால் செண்பகவல்லியின் இரத்தம் நிற்க மூன்று நாளாயிற்று, இன்றும் அவள் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறாள். வராவிட்டால் கத்தி. வந்தால் வெள்ளம். இவ்விரண்டுக்கும் நடுவில் ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு அந்தத் தாய் உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பது மணிக்குச் சங்கிலியின் ஆட்கள் வந்தார்கள். யாரும் அழைக்கவில்லை, கோப்பம்மாளின் மகளுக்கு என்று கேள்விப்பட்டு, பால் சொசைட்டி செயலாளர் உட்பட நாற்பத்து மூன்று பேர் திரண்டு வந்து, பிரசவ அறையின் பின்சுவரில் வரிசையாகத் தோள் கொடுத்தார்கள்.

“ஒண்ணு, ரெண்டு, இந்தா!”

உள்ளே மாரீஸ்வரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒண்ணும் காணோம்,” என்றாள்.

“ஒண்ணு, ரெண்டு, இந்தா!”

“பசிக்குது. அது வலியா?”

பதினொரு மணி வரை தள்ளினார்கள். சுவரின் சுண்ணாம்பு அவர்களுடைய சட்டைகளுக்கு ஏறியது, சிலர் உட்கார்ந்தார்கள், ஒருவருக்கு நெடுநாள் தங்கியிருந்த தும்மல் வந்து, அவர் வேப்பமரத்தடிக்குப் போய்த் தும்மிக்கொண்டே இருந்தார். தோளை எடுத்த சங்கிலி, இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் பதித்து, கண்களை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பின்பு சன்னலுக்கு வந்து, பெண்கள் அறை என்பதால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார்.

“மதினி, சுவத்துல கை வச்சிருக்கீகளா?”

“சுவரு அந்தால கெடக்கு. நான் பிள்ளகிட்ட உக்காந்திருக்கேன்.”

“அப்பம் இது யாரு கை?”

“எது?”

“நாங்க தள்ளத் தள்ள உள்ளருந்து ஒரு கை தாங்குது. பதினாலு மாசமாக் கதவுல பாத்த கைய எனக்குத் தெரியாதா? பெருவெரல் பக்கம் அழுத்தம் கூட இருக்கும், சுண்டுவெரல் பக்கம் கம்மியா இருக்கும். அது உங்க கை. நெசத்தச் சொல்லுங்க, உங்க கை இப்பம் எங்க இருக்கு?”

அறையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். டாக்டர் பார்த்தார், மாரீஸ்வரி தலையைத் தூக்கிப் பார்த்தாள், கோப்பம்மாளும் வேறொருத்தியின் கையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அந்தக் கை மகளின் வயிற்றின்மேல், விரல்கள் விரிந்து, கதவில் இருப்பதுபோலவே இருந்தது.

“நாப்பத்து மூணு பேரு இந்தப் பக்கம் நிக்கோம் மதினி,” என்றார் சங்கிலி, தணிந்த குரலில். “நீங்க ஒத்த ஆளு அந்தப் பக்கம் நிக்கீக.”

“நான் தடவத்தான செஞ்சேன்,” என்றாள் அவள்.

“எட்டு நாளாவாம்மா?” என்றாள் மாரீஸ்வரி. அவள் குரலில் வேடிக்கை இல்லை.

“நான் விட்டா யாரு பிடிப்பா? செண்பகத்தப் பாத்தவ நான். அந்த ரத்தத்தத் துடைச்சவ நான்.”

“நான் இருக்கேன், ஆயாம்மா. அதுக்குத்தான என்னைப் போட்டிருக்காங்க,” என்றார் டாக்டர்.

“நீங்க வெளியூரு. ஒங்களுக்குத் தெரியாது. இங்க வந்தா நிக்காது.”

“நிக்காட்டி நிக்காமப் போகட்டும். கையை எடுங்க. மணி பதினொண்ணே கால்.”

கோப்பம்மாள் கையை எடுக்கப் போனாள். கை வரவில்லை. தாங்குவதும் ஓர் இருப்பு என்பதையும், இருக்கிற எதையும் கிளப்ப இவ்வூரில் என்ன பாடு படவேண்டும் என்பதையும் பதினான்கு மாதங்களில் அவள் ஒரு முறையும் எண்ணிப் பார்த்ததில்லை. மற்றக் கையால் பிடித்து இழுத்தாள். தோள்மூட்டில் குடியிருந்த வலி எழுந்து உட்கார்ந்தது. கை மட்டும் எழவில்லை.

“வர மாட்டேங்குது,” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வெட்கம் இருந்தது. ஊரில் எத்தனையோ பேர் அவளிடம் வந்து சொன்ன சொல் அது. அவள் யாரிடமும் சொல்லியதில்லை.

சன்னலுக்கு வெளியே சங்கிலி திரும்பினார். “எல்லாரும் எந்திரிங்கலே. தும்முதவரையும் கூட்டிட்டு வாங்க. இது பிள்ளைக்கு இல்ல, மதினிக்கு. மதினியத் தள்ளணும்.”

தள்ளினார்கள். நாற்பத்து மூன்று தோள்களும் அதே சுவரைத்தான் தள்ளின, ஆனால் இம்முறை அவை யாரைத் தள்ளுகின்றன என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. தன் கதவை அவள் தாங்கிய காலை ஒருவருக்கு நினைவிருந்தது, தன் பேரனை அவள் ஏந்திய மாலை மற்றொருவருக்கு நினைவிருந்தது, ஒரு முறையாவது அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டோமா என்பது ஒருவருக்கும் நினைவில்லை. கோப்பம்மாள் தன் முதுகில், இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில், ஒரு வெதுவெதுப்பை உணர்ந்தாள். இதுநாள்வரை எல்லா விசையும் அவள் முகத்துக்கு நேரே வந்தது. முதுகுப் பக்கத்திலிருந்து வந்தது இதுவே முதல். விரல்களின் நுனி வெளுத்தது. இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது.

மாரீஸ்வரி முழங்கைகளை ஊன்றி எழுந்தாள். தாயின் மணிக்கட்டின் கீழே தன் இரண்டு கைகளையும் கொடுத்தாள்.

“இம்புட்டுக் கனமாம்மா நீ?”

“தெரியலயே, தாயி. நானே தூக்கிப் பாத்ததில்ல.”

மகள் தள்ளினாள். அவளிடம் இருந்தது பெரிய பலம் ஒன்றுமில்லை. ஒன்பது நாள் படுக்கையில் கிடந்தவளின் பலந்தான். ஆனால் குறைந்திருந்த அளவும் அவ்வளவே போலும். கை விருட்டென்று மேலே பறந்து, குளுக்கோஸ் பாட்டில் தொங்கிய கம்பியில் அடித்து, அதைச் சாய்த்துக்கொண்டு போயிற்று. சுவருக்கு வெளியே நாற்பத்து மூன்று பேரும் முகம் குப்புற விழுகிற ஓசை கேட்டது. சுவர் என்னவோ நின்ற இடத்திலேயே நின்றது.

“அம்மா,” என்றாள் மாரீஸ்வரி. “இது பசி இல்ல.”

வலி வந்தது, ஆனால் வெள்ளமாக வரவில்லை; தேங்கியிருந்த வேகமெல்லாம் அந்தக் கையோடு பறந்துவிட்டது போலும். வந்து, போயிற்று, மீண்டும் வந்து, சற்று அதிகமாக இருந்துவிட்டுப் போயிற்று. மற்ற ஊர்களில் வருவதுபோலவே வந்தது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினார், எழுதியதை மறுபடியும் படித்துப் பார்த்தார், பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதி வைத்திருந்த சீட்டை மேசை இழுப்பறைக்குள் தள்ளினார். கோப்பம்மாள் அறையின் மூலையில், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றாள். மகள் அலறும்போதெல்லாம் கோத்த விரல்கள் பிரியப் பார்த்தன; அவற்றை அவள் இறுக்கிக்கொண்டாள். ஒன்றும் செய்யாமல் நிற்பது இவ்வளவு களைப்பான வேலை என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

மூன்று மணிக்குக் குழந்தை டாக்டரின் கைகளில் வந்து சேர்ந்தது. பறக்கவில்லை, வழுக்கவில்லை; வந்தது. பெண் குழந்தை. மாரீஸ்வரிக்கு இரத்தம் அளவோடு நின்றது.

குழந்தை அழவில்லை.

டாக்டர் வாயைத் துடைத்தார், முதுகைத் துணியால் தேய்த்தார், மீண்டும் தேய்த்தார். குழந்தை நீலம் பாரித்த சிறு கைகளை மடக்கியபடி, மூச்சின் வாசலில் நின்றுகொண்டிருந்தது. வெளியே சட்டையின் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தவர்கள் தட்டுவதை நிறுத்தினார்கள். இதற்கு எந்தச் சுவரைத் தள்ளுவது?

“ஆயாம்மா!” என்றார் டாக்டர். அந்த ஒரு சொல்லில் அவர் படித்த படிப்பு முழுவதும் தீர்ந்துபோயிருந்தது.

கோப்பம்மாள் மூலையிலிருந்து வந்தாள். குழந்தையின் பாதத்தை இடது கையில் எடுத்தாள். அது புளியங்கொட்டை போல் வழவழப்பாகவும் குளிர்ந்தும் இருந்தது. வலது கை தன் பழக்கப்படி விரிந்து, உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு, தாங்குவதற்கு வந்தது. அவள் அதை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அந்தக் கையை மடக்கி, நடுவிரலைப் பெருவிரலில் மாட்டி, பாதத்தின் நடுவில் சுண்டினாள்.

ஒன்றும் இல்லை.

மறுபடியும் சுண்டினாள். குழந்தையின் புருவம் சுருங்கியது, அவ்வளவே. கட்டிலிலிருந்து மாரீஸ்வரி, “ஏன் சத்தம் காணோம்? ஏம்மா சத்தம் காணோம்?” என்று கேட்டாள். முப்பத்தொரு ஆண்டுகளின் களைப்பும் பதினான்கு மாதங்களின் களைப்பும் கோப்பம்மாளின் தோளில் நின்றன. அந்தத் தோளுக்குள் எஞ்சியிருந்தது எவ்வளவு என்பது அவளுக்கே தெரியாது, ஆயினும் எஞ்சியிருந்தது முழுவதையும் ஒரு விரல் நுனிக்குக் கொண்டுவந்து, பற்களைக் கடித்து, மூன்றாம் முறை சுண்டினாள்.

குழந்தை வாயைத் திறந்தது. முதலில் ஒரு விக்கல் வந்தது, பின்பு ஒரு கோபம் வந்தது, பின்பு அழுகை வந்தது. அது வாகைப்பொட்டலின் அழுகையாதலால் அறையில் நிற்கவில்லை, தாழ்வாரத்துக்குப் போனது, மருந்துக் கண்ணாடிகளை அதிரவைத்தது, வேப்பமரத்துக் காக்கைகளைக் கிளப்பிவிட்டது, முற்றத்தைத் தாண்டித் தெருவில் இறங்கியது. டாக்டர் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். மாரீஸ்வரி, “கொண்டாம்மா, இங்க கொண்டா,” என்று இரண்டு கைகளையும் நீட்டினாள். நீட்டியவளிடம் கோப்பம்மாள் குழந்தையைக் கொடுத்தாள்.

சன்னலுக்கு வெளியே, முகத்தைத் திருப்பிக்கொண்டு சங்கிலி கத்திக் கேட்டார், கத்தாவிட்டால் கேட்காது.

“மதினி! சத்தம் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போகுது. பிடிக்கணுமா?”

கோப்பம்மாள் முக்காலியை இழுத்துப் பார்த்தாள், அது வரவில்லை; விட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து, கால்களை நீட்டி, கைகளை மடியில் போட்டுக்கொண்டாள்.

“வேண்டாம்,” என்றாள். “ஓடட்டும்.”